அம்பாசிடரின் உறவும் ஹெரால்டின் உறவும்

தில்லியில் 1964ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழங்கார் அணிவகுப்பு பலரும் அறிந்தது. அத்தகைய கார்களைச் சேகரிப்போர் அடிக்கடி ஒப்பிடும் இரு பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்கள் உண்டு: எம்ஜிஏ, டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். வேகம், அழகு, விலை என்பனவே வழக்கமான அளவுகோல்கள். இந்தியாவிலிருந்து பார்த்தால் வேறொன்றும் தென்படுகிறது: இரண்டுக்கும் இங்கே நெருங்கிய உறவினர் உண்டு.

எம்ஜிஏ 1955 முதல் 1962 வரை ஆபிங்டனில் உருவானது. அதன் தொடக்ககால எஞ்சின் 1489 சிசி கொள்ளளவுடைய பி வரிசை. அதே வரிசை எஞ்சின்தான் உத்தரபாராவில் உருவான அம்பாசிடரையும் பல்லாண்டுகள் இயக்கியது. எம்ஜிஏவில் இரண்டு கார்புரேட்டர்கள், அம்பாசிடரில் ஒன்று. அடிப்படை வார்ப்பு ஒன்றே.

1962இல் வெளிவந்த ஸ்பிட்ஃபயரின் உறவு எஞ்சினோடு நிற்பதில்லை. ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதன்மேல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உடலைப் பொருத்தி உருவாக்கிய கார் அது. ஹெரால்டின் உடலை வரைந்தவரும் அவரே. அந்த ஹெரால்டு 1960களில் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டது. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு வடிவம்கூட இங்கே உருவானது.

சேகரிப்பாளருக்கு இந்த வேறுபாடு பயனுள்ளது. எம்ஜிஏவின் அடிச்சட்டம் உறுதியானது. கதவு, முன்மூடி, பின்மூடி ஆகியவற்றின் மேல்தகடுகள் அலுமினியம் என்பதால் அவை எஃகைப் போலத் துருப்பிடிப்பதில்லை. ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழுள்ள பக்கத்தகடுகளும் வண்டியின் பளுவைத் தாங்குகின்றன. அவை அரித்திருந்தால் வெளிப்பூச்சை நம்பி வாங்குவது தவறு. தொடக்ககால ஸ்பிட்ஃபயரின் பின்அச்சு, கூர்மையான திருப்பத்தில் சக்கரத்தை உள்மடியச் செய்யும். 1970இன் நான்காம் வடிவத்தில் அது திருத்தப்பட்டது. முழு முன்மூடியும் முன்னோக்கிக் கவிழ்வதால் பழுதுபார்ப்பது மட்டும் எளிது.

ஆனால் எது ‘அசல்’? 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்த வாகனத்தைப் பழம்பொருளாகப் பதிய வழிசெய்கின்றன. பதிவெண்ணில் ‘விஏ’ என்ற குறி இடம்பெறும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காத அயல்நாட்டுக் கார்கள் பல, அம்பாசிடர் எஞ்சினைப் பொருத்தியே உயிர்பிழைத்தன. இந்த அளவுகோலின்படி அவற்றின் தகுதி கேள்விக்குரியது. ஓட்டமின்றிக் கொட்டகையில் கிடந்த கார் அசல். பட்டறைக்காரரின் கைத்திறனால் ஓடிய கார் கலப்படம். இது நியாயமான வரலாறா?

மொழியியல் மாணவனாக எனக்கு இது பழகிய சிக்கல். கடன்சொல் புகுந்த மொழியை நாம் தூய்மை இழந்தது என்று ஒதுக்குவதில்லை; எந்தச் சொல், எப்போது, எந்தத் தேவையால் வந்தது என்று கேட்கிறோம். மாற்றப்பட்ட எஞ்சினையும் அவ்வாறே ஆண்டு, காரணம், பட்டறை ஆகிய குறிப்புகளோடு பதிவுசெய்ய வேண்டும். ஆபிங்டனின் கதை அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. உத்தரபாராவும் வண்டலூரும் சேர்ந்த கதையை நாம்தான் எழுதியாக வேண்டும்.