மரப் புதிரும் பெண்களின் கைகளும்



துண்டு துண்டாக இருக்கிற மரப்பலகையைச் சேர்த்துப் படமாக்கிக் குழந்தைங்க விளையாடுறதைப் பார்த்திருப்பீங்க. ஜிக்சா என்று சொல்வார்கள். விளையாட்டுச் சாமான்தானே என்று நினைப்போம். ஆனால் அதன் வரலாற்றில் ஆரம்பத்திலிருந்தே பெண்களின் உழைப்பு இருக்கிறது.

1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நாட்டு வரைபடங்களை அச்சிட்டு விற்றுவந்தார். ஒரு வரைபடத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டிலேயே அறுத்து விற்றார். பிள்ளைகள் துண்டுகளைச் சேர்த்தே பூகோளம் கற்றார்கள். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளுக்கும் சார்லட் ஃபிஞ்ச் என்ற அம்மையார் இப்படிப்பட்ட வரைபடங்களை வைத்துத்தான் பாடம் சொன்னார். 1769-இல் ஸ்பில்ஸ்பரி சின்ன வயசிலேயே இறந்துபோனார். அவர் மனைவி சாரா கடையை மூடிவிடாமல் சில காலம் தானே நடத்தினார். நமக்குத் தெரியாத கதையா இது!

1909-இல் அமெரிக்காவில் இந்தப் புதிருக்கு அப்படி ஒரு கிராக்கி. பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மற்ற விளையாட்டுச் சாமான்களை நிறுத்திவிட்டு மரப் புதிர் மட்டுமே செய்தது. அங்கே அறுத்தவர்கள் பெண்கள். தையல் மிஷின் போலக் காலால் மிதிக்கிற ரம்பத்தில், ஒவ்வொரு துண்டாக அறுத்தார்கள். அதனால் விலையும் அதிகம். மாதச் சம்பளம் 50 டாலர் இருந்த காலத்தில், 500 துண்டு உள்ள புதிர் 5 டாலர்.

1930-களில் அங்கே பெரிய வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. வேலை இழந்தவர்கள் வீட்டிலேயே புதிர் அறுத்து விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். அதே நேரம் மிஷின் வெட்டிய அட்டைப் புதிர் 25 சென்ட்டுக்கு வந்துவிட்டது. கைவேலையால் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மரப் புதிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனது.

இதில் நமக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நான் வீட்டில் மிச்சமான பிளைவுட்டில் மாடு, கோழி, தென்னமரம் வரைந்து, மெல்லிய பிளேடு ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வர்ணம் அடிக்கிறேன். வாயில் போட முடியாதபடி துண்டுகளைப் பெரிசாகவே வைப்பேன். ஒன்று முடிக்க இரண்டு மத்தியானம் ஆகும். அந்தக் கூலியைச் சேர்த்தால் கடை அட்டைப் புதிரோடு விலையில் போட்டி போட முடியாது.

அதனால் அந்தக் காலத்து வாடகை முறையையே நாமும் செய்து பார்க்கலாம். கூட்டமைப்பு அலுவலகத்தில் பத்துப் புதிர் இருந்தால், கூட்டத்துக்கு வருகிற அம்மாக்கள் ஒரு சின்ன தொகை கட்டி எடுத்துப்போய், அடுத்த கூட்டத்தில் திருப்பித் தரலாம். ஒரே பலகை நூறு பிள்ளைகள் கைக்குப் போகும். செய்தவளுக்கும் கூலி வரும்.

இன்னொன்று. அன்றைக்குப் பெட்டியின் மேல் கம்பெனி பேர் இருந்தது, அறுத்த பெண்ணின் பேர் இல்லை. நம் பலகையின் பின்பக்கம் செய்தவள் பேரையும் குழுவின் பேரையும் எழுதிவைப்போம்.