இழை மெலிந்தபோதெல்லாம்: பெய்ட்காஸ்டிங் ரீலும் ஸ்பின்னிங் ரீலும்

அமெரிக்கத் தூண்டில்காரர்களிடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராத வழக்கு ஒன்று உண்டு. கோலின் மேல் உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீல், கோலின் அடியில் தொங்கும் ஸ்பின்னிங் ரீலிடம் தோற்றுக்கொண்டிருக்கிறதா என்பதே அது. 1950களில் இது பெரிதாக எழுந்தது. 1990களில் திரும்பவும் எழுந்தது. இந்தச் சில ஆண்டுகளில் பாஸ் மீன் போட்டிகளைப் பார்ப்பவர்கள் அதை மறுபடியும் கேட்கிறார்கள். விற்பனைக் கணக்கை மட்டும் வைத்து இதற்கு விடை தேடுவது பயன் தராது என்பது என் கருத்து. இரண்டு ரீல்களின் ஏற்ற இறக்கத்தையும் முடிவு செய்தவர்கள் ரீல் செய்தவர்களைவிட இழை செய்தவர்களே. இழை மெலிந்தபோதெல்லாம் ஸ்பின்னிங் முன்னேறியது. தடித்த இழையைக் கேட்கும் நீர்நிலையும் இரையும் வந்தபோதெல்லாம் பெய்ட்காஸ்டிங் எழுந்து நின்றது. இக்கட்டுரை அந்தப் போக்கைத் தொடர்கிறது.

முதலில் பொறிகளின் இயல்பைப் பார்த்துவிடலாம். பெய்ட்காஸ்டிங் ரீலில் இழை சுற்றிய உருளை கோலுக்குக் குறுக்காக இருக்கிறது. எறியும்போது இரை இழையை இழுக்க, உருளையும் கூடவே சுழல்கிறது. அசையாமல் இருக்கும் உருளையைச் சுழலவைக்கும் விசையை இரையின் எடைதான் தரவேண்டும். போகப்போகக் காற்றில் இரையின் வேகம் தளர்கிறது, உருளையின் வேகம் தளர்வதில்லை. மிஞ்சிய இழை ரீலுக்குள்ளேயே புரண்டு பெருஞ்சிக்காகிவிடும். அதைத் தடுக்கப் பெருவிரலால் உருளையை மெல்லத் தொட்டுக்கொண்டே எறியவேண்டும். அந்தத் தொடுகை பழகினால்தான் வரும்.

ஸ்பின்னிங் ரீலில் உருளை சுழல்வதே இல்லை. கோலின் திசையை நோக்கி அது நிற்க, இழை அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக உருவிக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று கிராம் இரைகூடத் தொலைவு போகும். குறைகள் வேறிடத்தில் இருக்கின்றன. சுற்றும்போது இழை செங்கோணமாகத் திரும்புவதால் பாரம் இழுக்கையில் விசை வீணாகிறது. இழையில் முறுக்கு ஏறுகிறது. தடித்த நைலான் என்றால் உருளையில் படியாமல் சுருள்சுருளாக எழும்பி நிற்கும்.

கெண்டக்கியின் கடிகாரக்காரர்கள்

ரீல் என்பது அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ பிறந்ததன்று. 1195ஆம் ஆண்டையொட்டிச் சீன ஓவியர் மா யுவான் வரைந்த ஓவியத்தில், குளிர்கால ஏரியில் படகிலிருக்கும் தூண்டில்காரரின் கோலில் ரீல் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது இழையைச் சேர்த்துவைக்கும் சக்கரம் மட்டுமே. எறிவதற்கான ரீல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெண்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்ற சிற்றூரில் உருவானது. அங்கே கடிகாரமும் வெள்ளி வேலையும் தொழிலாகக்கொண்ட ஜார்ஜ் ஸ்னைடர், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுழலும்படி பற்சக்கரம் பூட்டி ரீல் செய்தார். அதே மாநிலத்துப் பிராங்பர்ட் நகரின் மீக் சகோதரர்களும் பெஞ்சமின் மைலமும் அதை மேலும் செப்பம் செய்தார்கள். நான்குக்கு ஒன்று என்ற சுழல் விகிதத்தில் அவர்கள் கையால் அறுத்த பற்சக்கரங்கள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் ஓடுகின்றன.

அன்று எறிந்தது உயிருள்ள பொடிமீனை. அது பாரமானது, இழை பட்டு நூல். மாலையில் வீடு திரும்பியதும் நூலை அவிழ்த்து உலர்த்தாவிட்டால் மக்கிப்போகும். இந்தப் பாரத்துக்கும் இந்த நூலுக்கும் சுழலும் உருளையைவிடப் பொருத்தமான கருவி அன்று இருக்கவில்லை. 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷல் பாஸ் மீனைப் பற்றி எழுதிய பெருநூல், அந்த மீனையும் இந்த ரீலையும் அமெரிக்கர்களின் சொந்தச் சொத்தாக நிலைநாட்டியது. 1896இல் மிச்சிகனின் கலமசூ நகரைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர், இழையை இருபுறமும் ஓடிச் சமமாகப் படியவைக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். விரலால் இழையை நெறிப்படுத்தும் வேலை அதோடு குறைந்தது. இரண்டாம் உலகப்போர் வரை அமெரிக்காவில் ரீலால் எறிவது என்றாலே பெரும்பாலோருக்கு இந்த ரீல்தான்.

நூலாலையிலிருந்து வந்த எண்ணம்

பிரிட்டனில் தேவை வேறாக இருந்தது. தெளிந்த ஆறுகளில் ட்ரவுட், சால்மன் மீன்களுக்குச் சிறிய இரையை நுண்ணிய இழையில் எறியவேண்டும். ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து பீட்டர் மலாக் 1884இல் ஒரு வழி கண்டார். எறியும்போது உருளையைக் கோலின் திசைக்குத் திருப்பிவைத்து, சுற்றும்போது பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளும் ரீல் அது. இழையில் முறுக்கு ஏறுவதே அதன் குறை. அடுத்த அடியை எடுத்துவைத்தவர் பிராட்ஃபோர்டின் நெசவுத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த். ஆலையில் நூல்கண்டின் நுனி வழியாக, கண்டு அசையாமலே நூல் உருவி வருவதைக் கண்டதில்தான் அவருக்கு எண்ணம் பிறந்ததாகச் சொல்வார்கள். 1905இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலே நிலையான உருளை கொண்ட ரீல்களின் மூதாதை. 1932இல் ஹார்டி நிறுவனத்தின் ஆல்டெக்ஸ் ரீலில் முழுக் கம்பி வளையம் சேர்ந்தபோது, இன்றைய ஸ்பின்னிங் ரீலின் உருவம் ஏறக்குறைய முழுமையாகிவிட்டது.

எனினும் அட்லான்டிக்கைத் தாண்டி அது வேரூன்ற முடியவில்லை. பட்டு நூலை மெல்லியதாக்கினால் வலு போகிறது. வலுவாக்கினால் நீரை உறிஞ்சித் தடித்து, உருளை விளிம்பில் உராய்கிறது. பெருவாய் பாஸ் மீனை மரக்கிளைகளுக்கிடையிலிருந்து இழுத்தெடுக்க அத்தகைய நூல் போதாது. இல்லிங்வொர்த்தின் பொறி தன் காலத்துக்கு 40 ஆண்டு முந்தி வந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். பொறி சரியாக இருந்தும் அதற்கேற்ற இழை இல்லாமல் காத்திருந்த அந்த நாற்பதாண்டு, இந்த வரலாற்றின் மிக முக்கியமான பகுதியாக எனக்குப் படுகிறது.

நைலான்

1938இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது. நம்மூர்க் கடற்கரைகளில் நரம்பு என்று சொல்லும் அந்த ஒற்றையிழை, போர் முடிந்தபின் மீன்பிடிக் கடைகளை நிறைத்தது. மெலிந்தது, வழுவழுப்பானது, நீரில் கண்ணுக்கு எளிதில் படாதது, மக்காதது. நிலையான உருளைக்கு வேண்டிய குணங்கள் ஏறக்குறைய அனைத்தும் அதில் இருந்தன. அதே நைலான், சுழலும் உருளைக்கு அன்று ஒத்துவரவில்லை. நீளும் தன்மையும் சுருண்டுகொள்ளும் தன்மையும் சேர்ந்து சிக்கைப் பெருக்கின. பழைய ரீல்காரர்கள் பின்னிய நூலையே விடாமல் வைத்திருந்தார்கள்.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. பிரான்சின் க்ளூஸ் நகரில் கடிகார உறுப்புகள் செய்துவந்த கார்பானோ எ போன்ஸ் நிறுவனத்தின் மிட்செல் ரீலை, நியூயார்க்கின் கார்சியா நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. மிட்செல் 300 ஒரு தலைமுறைக்கே ஸ்பின்னிங் ரீலின் மறுபெயராகிவிட்டது. ஓக்லஹோமாவின் டல்சா நகரில், எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரக் குண்டுகள் செய்துவந்த ஜீரோ ஹவர் பாம் கம்பெனி 1949இல் ஆர். டி. ஹல் வடிவமைத்த மூடிய ரீலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம்தான் பின்னாளைய ஜெப்கோ. 1954இல் வந்த ஜெப்கோ 33, பொத்தானை அழுத்தி விட்டால் போதும் என்ற எளிமையால் குழந்தைகள் கையிலும் சேர்ந்தது. அதன் உள்ளே இருப்பதும் சுழலாத உருளைதான்.

ஆகவே பொதுமக்கள் அளவில் பெய்ட்காஸ்டிங் தோற்றது என்றால், அந்தத் தோல்வி 1950களிலேயே நடந்து முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரைக்குப் போகும் குடும்பத்துக்குப் பெருவிரலைப் பழக்க நேரமில்லை, பழக்கவேண்டிய தேவையுமில்லை. அதற்குப்பின் இன்றுவரை நீளும் வாதம், உண்மையில் தேர்ந்த தூண்டில்காரர்களின் வட்டத்தைப் பற்றியது மட்டுமே. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் வாதம் முடிவதில்லை.

அணைகள் கொண்டுவந்த மறுவாழ்வு

சந்தை கைவிட்டபின்னும் பெய்ட்காஸ்டிங் அழியவில்லை. காரணம் நீர்நிலைகளில் இருக்கிறது. 1933இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் அணைகளும், பின்னர் டெக்சாஸ்-லூயிசியானா எல்லையில் எழுந்த டோலிடோ பெண்ட் போன்ற நீர்த்தேக்கங்களும், பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தன; பல இடங்களில் மரங்கள் நின்றபடியே நீருக்குள் போயின. அந்த மூழ்கிய மரங்களிடையே பாஸ் மீன்கள் பெருகின. 1949இல் ஒஹையோவில் நிக் க்ரீம் உருவாக்கிய பிளாஸ்டிக் புழு, அவற்றுக்கு உகந்த இரையானது. ஈயக் குண்டு கோத்து, முள்ளைப் புழுவுக்குள்ளேயே மறைத்து, கிளைகளுக்கு நடுவே இறக்குவார்கள். மீன் கவ்வியதும் அது கிளையைச் சுற்றிக்கொள்ளும் முன் பலங்கொண்டு வெளியே இழுக்கவேண்டும். 17, 20 பவுண்டு நைலான் வேண்டும். அந்தத் தடிமனில் ஸ்பின்னிங் ரீல் திணறியது.

கருவியும் தயாராக இருந்தது. டாக்சி மீட்டர் செய்துவந்த சுவீடனின் ஆபு நிறுவனம், போர்க்காலத்தில் அந்தத் தொழில் சரிந்ததால் ரீலுக்குத் திரும்பியிருந்தது. 1952இல் அது கொண்டுவந்த சிவப்பு நிற அம்பாசடர் 5000இல், எறியும்போது உருளை பற்சக்கரத்திலிருந்து விடுபட்டுத் தனியே சுழன்றது. மையவிலக்கு விசையால் இயங்கும் தடை அதன் வேகத்தை அடக்கியது. பெருவிரல் செய்த வேலையில் பாதியை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. கெண்டக்கி, க்ளூஸ், ஆபு இயங்கிய சுவீடனின் ஸ்வேங்ஸ்தா என மூன்று இடங்களிலும் ரீல் துல்லியக் கடிகாரத் தொழிலின் மடியில் வளர்ந்தது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் விரிவாக எழுதவேண்டும். நுண்ணிய பற்சக்கரம் அறுக்கத் தெரிந்த கைகள் இல்லாமல் இந்தக் கருவியே இல்லை. மிட்செலையும் அம்பாசடரையும் அமெரிக்காவில் விற்றது அதே கார்சியா நிறுவனம். போட்டியாளர்கள் என்று நாம் பிரிக்கும் இரண்டு ரீல்களும் ஒரே கிடங்கிலிருந்துதான் புறப்பட்டன.

1967இல் அலபாமாவின் காப்பீட்டு முகவர் ரே ஸ்காட், ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைச் சேர்த்து நடத்திய போட்டி, பாஸ் மீன்பிடிப்பைத் தொழில்முறை விளையாட்டாக்கியது. அடுத்த ஆண்டு அவர் நிறுவிய பி.ஏ.எஸ்.எஸ். அமைப்பும் இதழும், போட்டிக்காரர் கையிலிருந்த ரீலை நாடெங்கும் காட்டின. அலபாமாவின் லூ சில்ட்ரி ஜப்பானின் ஷிமானோவோடு சேர்ந்து 1970களில் உருவாக்கிய ஸ்பீட் ஸ்பூல், உள்ளங்கைக்குள் அடங்கும் தாழ்ந்த வடிவத்தைத் தந்தது. காந்தத் தடைகள் தொடர்ந்து வந்தன. அந்தப் பத்தாண்டுகளில் ஸ்பின்னிங் ரீல் வைத்திருப்பவரைப் போட்டிக்காரர்கள் கற்றுக்குட்டியாகவே பார்த்தார்கள்.

மெல்லிழையின் திரும்புதல்

அந்தப் பார்வையை மாற்றியதில் ஜப்பானுக்குப் பெரும்பங்கு உண்டு. 1925இல் ஆஷி ஏரியில் முதன்முதலாக விடப்பட்ட பெருவாய் பாஸ், பின்னர் நாடெங்கும் பரவியது. ஆனால் நீர்நிலைகள் சிறியவை, தூண்டில்காரர்கள் மிகுதி. பலமுறை முள்ளைக் கண்டு ஒதுங்கிய மீனைப் பிடிக்க, சிறிய இரை, மெல்லிய நரம்பு, பொறுமையான அசைவு என்று அவர்கள் ஒரு முறையை வளர்த்தார்கள். அடியில் எடை, அதற்கு மேலே முள் என்று கட்டும் டிராப் ஷாட் 1990களில் கலிஃபோர்னியாவின் தெளிந்த ஏரிகள் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தது. கான்சாஸ் வட்டாரத்தில் நெட் கேடி பரப்பிய சிறு இரை முறையும் அதே திசையில்தான் நடந்தது.

அதே 1990களில் இன்னொரு பொருள் கடைக்கு வந்தது. ஸ்பெக்ட்ரா, டைனிமா என்ற பெயர்களில் அறியப்படும் பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்த நூல் அது. 10 பவுண்டு தாங்கும் பின்னல், 2 பவுண்டு நைலானின் பருமனே இருக்கும். நீளாது, சுருளாது. ஸ்பின்னிங் ரீலின் பழைய குறைகளில் பெரும்பகுதி, ரீலில் எதையும் மாற்றாமலே இழையால் தீர்ந்துபோயிற்று. கடலில் இதன் விளைவு இன்னும் பெரிது. அந்தமானில் பெரும்பாறை மீனுக்கு மிதவை இரை எறிபவர்கள் இன்று பிடித்திருப்பது ஸ்பின்னிங் ரீலைத்தான். சில பத்தாண்டுகளுக்கு முன் அந்தப் பாரத்தை அதனிடம் யாரும் நம்பிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.

பெய்ட்காஸ்டிங் செய்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஜப்பானில் வளர்ந்த பெய்ட் ஃபினெஸ் ரீல்களில் உருளையின் எடை பத்து கிராமுக்கும் கீழே இறங்கியது. மூன்று கிராம் இரையை மலையோடைகளில் சுழலும் உருளையால் எறிகிறார்கள். உருளையின் வேகத்தை மின்னணுச் சில்லு அளந்து தடையைக் கூட்டிக் குறைக்கும் ரீல்களும் வந்துவிட்டன. பெருவிரல் பழகாதவருக்கும் கதவு திறந்துவிட்டது. இழந்த எல்லையை மீட்கும் முயற்சி என்று இதைச் சொல்லலாம். ஆனால் விலையும் பராமரிப்பும் கூடியதால் இது இன்னும் ஆர்வலர் வட்டத்தைத் தாண்டவில்லை.

ஒலிக்கருவியும் ஒழுங்கு விதிகளும்

2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற முன்னோக்கு ஒலிக்கருவியை வெளியிட்டது. படகுக்கு முன்னே நீருக்குள் நிற்கும் மீனையும் அதை நோக்கி இறங்கும் இரையையும் அந்தந்த நொடியிலேயே திரையில் காட்டும் கருவி இது. கரையோர மரங்களைத் துழாவுவதை விட்டுவிட்டு, திறந்த நீரில் மிதக்கும் தனி மீனைக் குறிவைத்து எறியும் முறை போட்டிகளில் பரவியது. அதற்கு வேண்டியது சில கிராம் எடையுள்ள மென்மையான பொடிமீன் இரை, மெல்லிய பின்னல் இழை, அதன் நுனியில் ஃப்ளோரோகார்பன் நரம்பு. அதாவது ஸ்பின்னிங் ரீல். படகின் முன்தளத்தில் ஒரு காலத்தில் வரிசையாகக் கிடந்த பெய்ட்காஸ்டிங் கோல்களின் இடத்தை இப்போது ஸ்பின்னிங் கோல்கள் எடுத்துக்கொண்டதைப் பலர் கவலையோடு சுட்டிக்காட்டுகிறார்கள். கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் காரணத்தை ரீலில் தேடுவது சரியன்று. மீன் நிற்கும் இடத்தைக் கண் கண்டுகொண்டபின் இரையும் இழையும் சிறுத்தன, ரீல் அவற்றின் பின்னால் போனது.

இந்தக் கருத்தைச் சோதிக்க இப்போது வாய்ப்பு ஒன்று வந்திருக்கிறது. மேஜர் லீக் ஃபிஷிங், பி.ஏ.எஸ்.எஸ். ஆகிய இரு பெரும் போட்டி அமைப்புகளும் இந்த ஒலிக்கருவியின் பயன்பாட்டுக்கு வரம்பு விதிக்கத் தொடங்கியிருக்கின்றன. கருவி இல்லாத நாட்களில் அதே போட்டிக்காரர்கள் எந்தக் கோலை எடுக்கிறார்கள் என்று பதிவு செய்தால், விற்பனைக் கணக்குகள் சொல்லாததை அது சொல்லும். ஃபுளோரிடாவின் ஓகீசோபி ஏரியில் விடை முன்பே தெரிந்ததுதான். அங்கே நீர்ப்பரப்பை மூடிக் கிடக்கும் பாசிப் படலத்துக்குள் ஒலிக்கருவியின் பார்வை எட்டாது. 30, 40 கிராம் டங்ஸ்டன் எடையால் படலத்தைத் துளைத்து இரையை இறக்கி, 65 பவுண்டு பின்னல் இழையில் மீனைக் களையோடு சேர்த்து மேலே தூக்குகிறார்கள். அந்த வேலைக்கு யாரும் ஸ்பின்னிங் ரீலை எடுத்துக்கொண்டு போவதில்லை.