மச்சு பிச்சுவுக்கு ஒரு நாள் நடை: எலும்புகள் மாற்றி எழுதிய கதை

நேற்று ஓபியில் பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டார்: "பையன் பெரு நாட்டுக்குக் கூப்பிடுறான் டாக்டர். மச்சு பிச்சுவுக்கு நாலு நாள் மலை ஏறணுமாமே, என்னால ஆகுமா?"

நாலு நாள் வேண்டாம்மா, ஒரே நாள்ல நடக்குற பாதையும் இருக்கு என்றேன். அவரிடம் சொன்னதையும், வரிசை நீண்டுவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன். விட்டதுதான் அதிகம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

முதலில் பாதை. நாலு நாள் பாதை சுமார் 43 கிமீ, நடுவில் 4,200 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். சிறிய பாதை சுமார் 12 கிமீதான். ஒல்லன்டாய்டாம்போவில் ரயில் ஏறினால் 104-வது கிலோமீட்டரில் உங்களை இறக்கி விடுவார்கள். பெரிய ஸ்டேஷன் எல்லாம் கிடையாது. உருபம்பா ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் நடை ஆரம்பம். அனுமதிச் சீட்டும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

மருத்துவராக ஒரு விஷயம். இந்த நடையின் உச்சமே சுமார் 2,700 மீட்டர். ஆனால் நீங்கள் வந்து இறங்கும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டரில் இருக்கிறது. அதனால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் மலையில் அல்ல, ஊரிலேயே வரும். குஸ்கோவில் இரண்டு நாளாவது ஓய்வெடுங்கள். பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மணி நேரம் போல ஏறினால் வின்யாய் வைனா வரும். கெச்சுவா மொழியில் 'என்றும் இளமை' என்று பொருள். அங்கே பூக்கும் ஒரு ஆர்கிட் பூவுக்கும் இதே பெயர். மலைச்சரிவை வளைத்து வளைத்துக் கட்டிய படிக்கட்டு வயல்கள், மேலே ஒரு வீட்டுத் தொகுதி, கீழே ஒன்று, இரண்டையும் இணைக்கும் படிகளை ஒட்டி வரிசையாக நீர்த்தொட்டிகள்.

1942-ல் இங்கே ஆய்வு செய்தவர் ஹூலியோ டெல்லோ. கெச்சுவா பேசும் மலைக் குடும்பத்தில் பிறந்து, லிமாவில் மருத்துவம் படித்தவர். மாணவனாக இருக்கும்போதே பழங்கால மண்டை ஓடுகளைச் சேகரித்து, அவற்றில் இருந்த அறுவை சிகிச்சைத் துளைகளை ஆராய்ந்தவர். பிறகு பெருவின் தலைசிறந்த தொல்லியலாளர் ஆனார். நம்ம ஆளு என்பதால் எனக்குத் தனிப் பிரியம்!

அங்கிருந்து காட்டு வழியே நடந்து, செங்குத்தான படிகளில் ஏறினால் இன்டி புங்கு, அதாவது சூரிய வாசல். கீழே மச்சு பிச்சு முழுசாகத் தெரியும்.

அங்கே நின்று பார்க்கும்போது எல்லோருக்கும் வரும் கேள்வி: இதில் யார் வாழ்ந்தார்கள்?

இன்காக்களிடம் எழுத்து இல்லை. கணக்குகளை முடிச்சிட்ட கயிறுகளில் வைத்திருந்தார்கள். 15-ஆம் நூற்றாண்டில் பேரரசர் பச்சகூட்டி தனக்காகக் கட்டிய அரண்மனைத் தோட்டம் இது என்பதே பிற்காலத்து ஸ்பானிய ஆவணம் ஒன்றை வைத்துத்தான் உறுதியாகப் பேசப்பட்டது. அப்படியானால் மன்னர் வராத நாட்களிலும் இங்கேயே இருந்தவர்கள் யார்? பதில் சொல்ல மிஞ்சியது அவர்களின் எலும்புகள் மட்டும்தான்.

1911-ல் ஹைரம் பிங்கம் வந்தபோது அங்கே விவசாயக் குடும்பங்கள் வசித்துக்கொண்டிருந்தன. வழி காட்டியவரும் உள்ளூர் விவசாயிதான். 'கண்டுபிடித்தார்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். மறு வருடம் அவர் குழு சுற்றியுள்ள குகைகளில் இருந்த கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது.

அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் ஈட்டன் 1916-ல் சொன்னது: பெரும்பாலானவை பெண்களின் எலும்புகள். இதைப் பிடித்துக்கொண்ட பிங்கம், மச்சு பிச்சு 'சூரியனின் கன்னியர்' வாழ்ந்த புனித மடம் என்று ஒரு கதையே கட்டினார். அழகான கதை. பல பத்தாண்டுகள் ஓடியது.

தப்பு எங்கே நடந்தது? எம்பிபிஎஸ்ஸில் தடயவியல் மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். ஆணா பெண்ணா என்று கண்டறிய முதலில் இடுப்பெலும்பு, அடுத்து மண்டை ஓடு. கை கால் எலும்பின் பருமனை மட்டும் நம்பக் கூடாது. ஈட்டனின் கண்ணில் பதிந்திருந்த அளவோ உயரமான, பெரிய எலும்புள்ள ஐரோப்பிய உடல்கள். ஆண்டிஸ் மலை ஆண்கள் குள்ளமானவர்கள், எலும்பும் சிறியது. அந்த அளவுகோலில் அவர்கள் பெண்களாகிவிட்டார்கள்!

சிரிக்காதீங்க. 'அதிக எடை' என்பதற்கு பிஎம்ஐ 25 என்ற அளவுகோலை நமக்கும் அப்படியே வைத்திருந்தோம். இந்திய உடலுக்கு 23-லேயே சர்க்கரை நோய் ஆபத்து ஏறுகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

2000-களின் தொடக்கத்தில் ஜான் வெரானோ அதே எலும்புகளை மீண்டும் பார்த்தார். பெண்கள் ஓரளவு கூடுதல், ஏறக்குறைய மூன்று பெண்களுக்கு இரண்டு ஆண்கள். கூடவே குழந்தைகள், கைக்குழந்தைகள். கன்னியர் மடத்தில் கைக்குழந்தைக்கு என்ன வேலை? கதை அங்கேயே முடிந்தது.

2023-ல் வந்த மரபணு ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. அங்கே புதைக்கப்பட்ட 34 பேரின் டிஎன்ஏவைப் பார்த்தார்கள். கடற்கரைக்காரர்கள், மலைக்காரர்கள், அமேசான் காட்டுப் பக்கத்தவர்கள் எனப் பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள். அரச குடும்பத்தார் அல்ல, பணியாட்கள். இன்கா ஆட்சியில் 'யனகோனா' என்று ஒரு பிரிவு உண்டு. சொந்த ஊரிலிருந்தும் குலத்திலிருந்தும் பிரித்து, மன்னருக்குச் சேவை செய்ய வைக்கப்பட்டவர்கள்.

ஆய்வில் என்னை நிறுத்தியது ஒரு வரிதான். நைட் டூட்டியில் படித்தேன், மறுபடி மேலே போய்ப் படித்தேன். அத்தனை பேரில் நெருங்கிய ரத்த உறவு என்று கிடைத்தது ஒரே ஒரு ஜோடி. ஒரு தாயும் மகளும்.

மற்றவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, ஒரே ஊரில் சேர்ந்து வாழ்ந்து, ஒரே இடத்தில் புதைந்திருக்கிறார்கள். சூரிய வாசலில் போட்டோ எடுக்கும்போது கீழே தெரியும் அந்தக் கல்வீடுகளில் அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள்தான்.

பல வருட இழுபறிக்குப் பிறகு யேல் அந்தச் சேகரிப்பை 2011, 2012-ல் பெருவிடம் திருப்பிக் கொடுத்தது. இப்போது குஸ்கோவில் காசா கோஞ்சா என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எப்படியும் உயரம் பழக இரண்டு நாள் குஸ்கோவில்தானே இருக்கப் போகிறீர்கள்? மெதுவாக நடந்து, நிறைய தண்ணீர் குடித்துக்கொண்டு, ரயில் ஏறும் முன் அங்கே ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடுங்கள். டீச்சரிடமும் அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது சொல்ல வேண்டும்.