முதல் ஆபரேஷனை யார் மேல் பழகுவது?

ஆசிரியர் பயிற்சியில் எங்களைப் பக்கத்துப் பள்ளிக்குப் பாடம் நடத்த அனுப்புவார்கள். ஒரு கணக்கு தப்பினால் கரும்பலகையை அழித்துவிட்டு மறுபடி போடலாம். டாக்டருக்கு அந்த வசதி இல்லை. அப்படியானால் அவர் எதன்மேல் பழகுகிறார்? சிறுநீரக ஆபரேஷனின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு இதற்கு நல்ல விடை கிடைத்தது.

1869 ஆகஸ்ட் 2. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்பவர், திட்டமிட்டு ஒரு பெண்ணின் ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு மனிதர் பிழைப்பாரா என்று அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அவர் முதலில் நாய்களிடம் செய்து பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண்ணிடம் வந்தார். அவர் பிழைத்தார்.

அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேல் விலாப்புறத்தை நீளமாகக் கிழித்துத்தான் சிறுநீரகத்தை எடுத்தார்கள். சில சமயம் விலா எலும்பையே வெட்ட வேண்டியிருக்கும். 1990 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ரால்ப் கிளேமன் குழுவினர் சிறு துளைகள் வழியாகவே அதை முடித்தார்கள். நோயாளி 85 வயது மூதாட்டி. சிறுநீரகத்தில் கட்டி. உள்ளேயே ஒரு பைக்குள் சிறுநீரகத்தைப் போட்டு, துண்டாக்கி வெளியே எடுத்தார்கள். ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆயிற்று! அதற்கு முன்பு அவர்கள் பழகியது பன்றிகளிடம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. துளை வழியே போகும் கருவி ஏற்றப்பலகை மாதிரி. கை இடப்பக்கம் போனால் நுனி வலப்பக்கம் போகும். திரையில் தெரிவது தட்டையான படம், ஆழம் தெரியாது. விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. இருபது வருடம் கத்தி பிடித்த பெரிய டாக்டர்கூட மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. வயதான பிறகு புதிதாகக் கற்பது எவ்வளவு கூச்சம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். சிலர் இரண்டு மூன்று நாள் வகுப்புக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பித் தனியாகச் செய்யத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால் அது போதாது. அந்தத் தடுமாற்றத்தின் விலையை நோயாளிதானே கொடுக்க வேண்டும்?

அதுவும் கட்டியை மட்டும் எடுத்து மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும்போது கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தக்குழாயைக் கவ்வி நிறுத்தி, கட்டியை வெட்டி, தைத்து, சுமார் அரை மணிக்குள் கவ்வியை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் சிறுநீரகம் கெடும். ஆக, தையலை முன்பே பழகியிருக்க வேண்டும். இதற்குத்தான் பயிற்சிப் பெட்டி. ஜெர்மனியில் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் இப்படி ஒரு பெட்டியை முன்பே செய்திருந்தார். இன்று அந்த மாதிரிப் பெட்டிக்குள் கோழித்தோலையும் பன்றியின் சிறுநீரகத்தையும் வைத்துத் தைத்துப் பழகுகிறார்கள்.

ரோபோ வந்த பிறகு 2009இல் இரட்டை இருக்கை வந்தது. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதே மாதிரி! மாணவர் தடுமாறினால் ஆசிரியர் உடனே கருவிகளைத் தம் கைக்கு வாங்கிக்கொள்வார். முதலில் குடலை மெல்ல ஒதுக்குவது போன்ற எளிய வேலைகளைத்தான் மாணவரிடம் விடுவார்கள். கட்டியை வெட்டுவதும் அந்த அவசரத் தையலும் கடைசிப் பாடம்.