பனிக்காலச் சித்திரப்படங்களும் வீட்டுத் தொகுப்புகளும்: ஒரு வரலாற்று நோக்கு

நக்கிள்ஸ் மலைத்தொடரின் கீழ்ப்புறத்தே அமைந்த பல்லேகமவில் மார்கழி மழை மாதமாகும். வடகீழ்ப் பருவக்காற்று முகில்களைக் கொணர்ந்து முகடுகளை மூடும், ஓடைகள் பெருகும், வயல்கள் நீர் நிறைந்து கிடக்கும். வானிலிருந்து வெண்பனி பொழிதலை இவ்வூரார் கண்டதில்லை. ஆயினும், பனியாற் செய்த மனிதனையும் கலைமான் பூட்டிய சறுக்கு வண்டியையும் வரையுமாறு இங்குள்ள சிறுவன் ஒருவனைப் பணித்தால், அவன் தயக்கமின்றி வரைந்து காட்டுவான். கண்ணாற் காணாத பொருளை அவன் எங்ஙனம் அறிந்தான்? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

இந்துக் கல்லூரி மலரொன்றில் நத்தார்ப் படங்களைப் பற்றி எழுதுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நாம் திருவெம்பாவை நோன்பு நோற்கும் அதே நாட்களிலேதான் மேனாட்டார் நத்தாரைக் கொண்டாடுகின்றனர். இருள் மிக்க குளிர்காலத்தின் நடுவே ஒளியையும் ஈகையையும் போற்றுதல் மனித குலத்துக்குப் பொதுவான வேட்கை. அவ்வேட்கை படச்சுருளிலும் ஒளிநாடாவிலும் பதிந்த வரலாறு நாமும் ஆராயத் தக்கதே.

இவ்வகைப் படங்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்று உருசியாவில் 1913இல் லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச் ஆக்கிய, பூச்சிகளின் நத்தார் பற்றிய குறும்படமாகும். உயிரற்ற பூச்சிகளின் உடல்களில் மெல்லிய கம்பிகளைப் பொருத்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியே படம்பிடித்து அவர் அதனை அமைத்தார். நத்தார் மரத்தில் தொங்கிய பனித்தாத்தாப் பொம்மை உயிர்பெற்று இறங்கி, காட்டுச் சிற்றுயிர்களுக்குப் பரிசில் வழங்குவதே அதன் கதை. பின்னர் அமெரிக்காவில் வோல்ட் டிஸ்னியின் நிலையம், நத்தார்த் தாத்தாவின் பட்டறையைக் காட்டும் படத்தை 1932இலும், அதன் தொடர்ச்சியாக நத்தாருக்கு முந்திய இரவைக் காட்டும் படத்தை 1933இலும் வெளியிட்டது. இரண்டும் வண்ணப் படங்கள். பனிச்சறுக்கு விளையாட்டில் மிக்கி எலி ஈடுபடும் படம் 1935இலும், புளூட்டோவின் நத்தார் மரம் பற்றிய படம் 1952இலும் வந்தன.

இவை யாவும் சிறுவர் நகைத்து மறத்தற்குரியவை என எண்ணுதல் தவறு. ஹியூ ஹார்மன் என்பார் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக ஆக்கிய 'பூமியிற் சமாதானம்' எனும் பொருள்படும் படம் 1939 டிசம்பரில் வெளியாயிற்று. இரண்டாம் உலகப் போர் தொடங்கி அப்போது மூன்று மாதங்களே கழிந்திருந்தன. மனிதர் என்ற இனம் எங்ஙனம் அழிந்தது எனக் கிழட்டு அணிலொன்று தன் பேரக் குழந்தைகளுக்கு நத்தார் நாளில் உரைக்கின்றது. மாந்தர் ஒருவரையொருவர் கொன்று, இறுதி இருவரும் மடிந்தபின், எஞ்சிய விலங்குகள் இரும்புத் தொப்பிகளைக் கொண்டு வீடமைத்து வாழ்கின்றன. அதே கதை 1955இல் அணுகுண்டையும் சேர்த்து மீண்டும் எடுக்கப்பட்டது. நெடும்போரைத் தன் மண்ணிலே கண்ட நம் நாட்டவர் அப்படத்தை நகைத்துக்கொண்டு பார்த்தல் இயலாது.

திரையரங்கிற் பிறந்த இக்குறும்படங்களை 1960களில் தொலைக்காட்சி ஏற்றுக்கொண்டது. செம்மூக்குக் கலைமான் ருடோல்பின் கதை 1964இலும், சார்லி பிரௌனின் நத்தார் 1965இலும் அமெரிக்காவில் ஒளிபரப்பாயின. ருடோல்பின் பொம்மைகளை அசைத்துப் படமாக்கிய பணி யப்பானில், தடாஹிட்டோ மொச்சினாக என்னும் கலைஞரின் தலைமையில் நிகழ்ந்தது. மேனாட்டாரின் பண்டிகைப் படமெனக் கருதப்படுவதில் ஆசியக் கைவினை கலந்திருத்தல் ஈண்டு நினைத்தற்குரியது. எனினும் இப்படங்கள் ஆண்டுக்கொரு முறையே வந்தன. அன்றிரவு காய்ச்சலில் உறங்கிய குழந்தை அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்நிலையை மாற்றியதும் யப்பானே. 1975இல் சொனி நிறுவனத்தின் பீற்றாமக்ஸ் கருவியும், 1976இல் ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். கருவியும் வெளிவந்தன. ஒளிபரப்பை வீட்டிலேயே பதிந்துவைத்து வேண்டியபோது காணும் ஆற்றல் எளியோர்க்கும் கிட்டியது. இதனைத் தம் உரிமைக்கு ஊறெனக் கருதிய யுனிவர்சல், டிஸ்னி ஆகிய நிறுவனங்கள் 1976இல் சொனிமீது வழக்குத் தொடுத்தன. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1984 ஜனவரி 17இல், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தது. பிறிதொரு வேளையிற் காண்பதற்காக வீட்டிற் பதிதல் குற்றமன்று என்பதே முடிபு. விந்தை யாதெனின், வழக்காடிய டிஸ்னி நிறுவனமே 1980 முதல் தன் படங்களை ஒளிநாடாவாக விற்கத் தொடங்கியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் அதன் பழைய பனிக்காலக் குறும்படங்கள் ஒரே நாடாவில் தொகுக்கப்பட்டுக் கடைகளுக்கு வந்தன. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கூட்டத்தார்க்கென ஆக்கப்பட்டவை இங்ஙனம் ஒரு 'தொகை' ஆயின.

தொகை என்றவுடன் தமிழ் மாணவர்க்கு நம் முன்னோர் செய்த பதிப்புப் பணி நினைவில் எழும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடம் துணிந்தார். ஏடு எழுதுவோன் கைபட்ட இடத்திற் பாடம் வேறுபடும் என அவர் அறிந்திருந்தார். ஒளிநாடாவும் அத்தகையதே. 1932, 1933ஆம் ஆண்டுகளின் அவ்விரு நத்தார்ப் படங்களிலும் கறுப்பின மக்களை எள்ளும் பொம்மைக் காட்சிகள் இருந்தன. பிற்காலத்து வெளியீடுகளில் அவை ஓசையின்றி வெட்டப்பட்டன. குழந்தைகளுக்கு அவற்றைக் காட்டாமை அறமே. ஆயினும் வெட்டப்பட்ட நாடாவை மட்டும் கண்ட ஒருவன், அக்காலத்து அமெரிக்கர் எவரையும் இகழவில்லை என முடிவு கட்டுவானாயின் வரலாறு பிழைபடும். ஆகவே, இவற்றை ஆராயும் மாணவன் 'இஃது எப்பதிப்பு?' என்னும் வினாவை முதலிற் கேட்டல் வேண்டும்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. யப்பானின் உதவியுடன் அமைந்த ரூபவாகினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அங்கே டைட்டஸ் தொட்டவத்த மேனாட்டுச் சித்திரப்படங்களுக்குச் சிங்களக் குரல் ஈந்து, பக்ஸ் பனி என்னும் முயலை இந்நாட்டு முயலாகவே ஆக்கினார். அதே 1982இல், டிசம்பர் 26ஆம் நாள், இங்கிலாந்தில் ரேமண்ட் பிரிக்ஸின் பனிமனிதன் கதை ஒளிபரப்பாயிற்று. இடையில் வரும் ஒரு பாட்டைத் தவிர அதில் பேச்சே இல்லை. சிறுவனொருவன் தான் செய்த பனிமனிதனோடு வானிற் பறக்கின்றான். விடியலில் எழுந்து பார்க்கின்றான். தொப்பியும் கழுத்துத் துணியும் மட்டுமே கிடக்கின்றன. மொழி அறியாக் குழந்தைக்கும் அத்துயரம் விளங்கும். பிரிவைப் பாடிய தமிழ் மரபினர்க்கு அது அயலானது அன்று.

1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரத்தால் ஒளிநாடாக் கருவிகள் ஊர்கள்தோறும் பரவின. மின்சாரம் எட்டாத சிற்றூர்களில் மோட்டார் வண்டியின் மின்கலத்தைக் கொண்டும் தொலைக்காட்சிப் பெட்டிகளை இயக்கினர். 1983இன் பின் கனடாவுக்கும் நோர்வேக்கும் புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய திருமண நாடாக்களில், சித்திரத்திற் கண்ட அதே பனி மெய்யாகவே தெரிந்தது. கதையிற் களிப்பூட்டிய பனி, உற்றாரைப் பிரித்த பனியாகவும் ஆயிற்று.

இன்று அந்நாடாக்களின் நிலை யாது? நம் நாட்டின் ஈரக் காற்றில் நாடாவின் பூச்சு நைந்து பூஞ்சணம் படர்கின்றது. அதனை இயக்கும் கருவியை இறுதிவரை ஆக்கிவந்த யப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. நாடாவுக்குப் பின் 1996இல் யப்பானில் அறிமுகமான இறுவட்டும் இப்போது அலமாரியில் ஒதுங்குகின்றது. இணையவழி வரும் படங்களையோ உரியவர் விரும்பியபோது திருத்தலாம், மறைக்கலாம். வீட்டுத் தொகுப்பில் உள்ள நாடா, பழுதுற்றதாயினும், தான் பதிந்த நாளின் சான்றைத் தானே தாங்கி நிற்கின்றது.

களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018இல் நீர் நிறையத் தொடங்கியபோது பழைய பல்லேகமப் பட்டினம் அதனுள் அடங்கிற்று. மக்கள் புதிய இடத்தில் குடியேறினர். மூழ்கிய தெருவை இனி எவரும் நடந்து காண்டல் இயலாது. பழைய படங்களிலும் நாடாக்களிலுமே அது காணப்படும். ஆதலின், மாணவர்காள்! உங்கள் வீட்டுப் பரணில் நாடாவொன்று கிடைக்குமாயின் அதனைக் குப்பையென எறியாதீர். எவ்வாண்டினது, எவர் பதிந்தது, எவ்வழி வந்தது என ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். இயலுமாயின் புதிய வடிவிற் படியெடுத்துக் காப்பாற்றுங்கள். செல்லரித்த ஏடுகளைத் தேடியலைந்த தாமோதரம்பிள்ளை போன்றோருக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.