பொன்னுத்தம்பியின் காலணி

புதுவை வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையை நாம் நினைவுகூர்வது பெரும்பாலும் ஒரு சோடிக் காலணியை முன்னிட்டே. 1873இல் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துள் நுழைந்தார். உள்ளூர்க்காரருக்கு அவ்வுரிமை இல்லையென நீதிபதி தடுத்தார். பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை சென்று வழக்காடி வென்றார் பொன்னுத்தம்பி.

அதன்பின் நடந்ததே நம்மை அதிகம் உறுத்துகிறது. மணம், வாரிசுரிமை முதலியவற்றில் குலவழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க, 21 செப்டம்பர் 1881ஆம் நாளிட்ட ஆணை இந்தியருக்கு வழிவிட்டது. அவரும் துறந்தார். பிள்ளை என்னும் சாதிப்பட்டம் போய் 'லாபோர்த்' வந்தது. பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள்! துறந்தோர் ஐரோப்பியரின் வாக்காளர் பட்டியலிலேயே இடம்பெற்றனர். வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை. 1884இல் பட்டியல் மூன்றாயிற்று: ஐரோப்பியருக்கு ஒன்று, துறவாத இந்தியருக்கு ஒன்று, துறந்தோருக்குத் தனியே ஒன்று.