உலாவும் உரிமையும்: பொது நடைவெளிகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தமிழ் இலக்கிய மரபில் உலா என்பது இறைவனுக்கும் அரசனுக்கும் உரியதாயிருந்தது. உலாப் பிரபந்தங்களில் தலைவன் பவனி வருவான். ஏழு பருவ மகளிரும் வீதியில் நின்று அவனைக் காண்பர். உலாவுதலும், உலாவுவோனைப் பார்த்து நிற்றலும் வேறுவேறு சமூக நிலைகள் என்பதை இவ்விலக்கிய வடிவம் இயல்பாகவே ஏற்றுக்கொண்டது. உடைமையற்ற சாதாரண மனிதனும் வேலையின் பொருட்டன்றி உலாவுதற்கு ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கக் கொள்கையாக உருப்பெற்றமையைக் கைத்தொழிற் புரட்சிக்கால இங்கிலாந்திலே தெளிவாகக் காணலாம். நகர்ப் பூங்காக்களின் நடைபாதைகள் எவருக்காக, எந்நோக்கோடு அமைக்கப்பட்டன என்பதையும், மக்கள் அவற்றை எவ்வாறு தமதாக்கிக்கொண்டனர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூங்காவின் வரலாறு பூங்காவிலிருந்து தொடங்குவதில்லை. பொதுமேய்ச்சல் நிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியுடைமையாக்கப்பட்டதிலிருந்தே அது தொடங்குகின்றது. நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் ஆலைநகரங்களை நிறைத்தனர். அங்கே மூச்சுவிடுதற்கும் வெளி இருக்கவில்லை. மன்செஸ்ரரின் பெருவீதிகளை அணிசெய்த கடைவரிசைகள், பின்னாலிருந்த தொழிலாளர் குடியிருப்புகளைச் செல்வந்தரின் கண்ணிலிருந்து மறைத்தமையை 1845இல் ஏங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார்.

இப்பின்னணியிலேயே, பொது நடைவெளிகள் பற்றி ஆராய 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ரொபேட் ஸ்லேனி தலைமையில் ஒரு தெரிவுக்குழுவை நியமித்தது. பெருநகரங்களில் உழைப்போர் உலாவுதற்குத் தகுந்த இடமில்லை என்று குழு ஒப்புக்கொண்டது. அதற்கு அது கூறிய நியாயங்களே நமது கவனத்திற்குரியவை. நடைவெளி இருப்பின் தொழிலாளி மதுச்சாலையை நாடமாட்டான். பல தரத்தினரும் காண மனைவி மக்களுடன் உலாவும்போது நல்லுடை உடுத்த விரும்புவான். அவ்விருப்பம் அவனை மேலும் உழைக்கத் தூண்டும். இங்கு ஓய்வுங்கூட உழைப்பின் கருவியாகக் கருதப்படுதல் வெளிப்படை.

இக்கருத்து பாதைகளின் அமைப்பிலும் பதிந்தது. ஆலை முதலாளி ஜோசப் ஸ்ட்ரட்டின் கொடையாக 1840இல் திறக்கப்பட்ட டேர்பித் தாவரப் பூங்காவை வகுத்தவர் ஜோன் குளோடியஸ் லவுடன். ஒரு பாதையில் நடப்போர் அடுத்த பாதையில் நடப்போரைக் காணாதவாறு இடையே மண்மேடுகளை எழுப்பினார். சிறிய நிலமும் பரந்ததாகத் தோன்றுதற்கு இவ்வுத்தி உதவியது. ஆயினும், ஞாயிறும் வாரத்தில் வேறொரு நாளுமே இலவச அனுமதி கிடைத்தது. ஏனைய நாட்களில் கட்டணம் செலுத்த வேண்டும். 1847இல் திறக்கப்பட்ட பேர்க்கன்ஹெட் பூங்காவில் ஜோசப் பக்ஸ்ரன் வண்டிப்பாதையையும் நடைபாதையையும் பிரித்தமைத்தார். சுற்றியிருந்த காணிகள் வசதிபடைத்தோரின் மனைகளுக்காக விற்கப்பட்டன. பொதுவெளியே அயல் நிலத்தின் விலையை உயர்த்தும் சாதனமுமாயிற்று.

எனினும் பூங்காக்களை ஆளும் வர்க்கத்தின் சூழ்ச்சியாக மட்டும் விளக்குதல் ஒருதலைப்பட்சமாகும். கிழக்கிலண்டனில் பூங்கா வேண்டி 1840இல் ஏறத்தாழ 30,000 பேர் மகாராணிக்கு விண்ணப்பித்தனர். அங்கு தோன்றும் கொள்ளைநோய் செல்வந்தர் வாழும் மேற்கிற்கும் பரவும் என்ற அச்சமும் அக்கோரிக்கைக்கு வலுவூட்டியது. 1845இல் விக்டோரியாப் பூங்கா திறக்கப்பட்டது. 1846 ஒகஸ்ற் 22ஆம் திகதி மன்செஸ்ரர், சல்போட் நகரங்களில் ஒரே நாளில் திறக்கப்பட்ட மூன்று பூங்காக்களுக்குத் தொழிலாளரும் சந்தா செலுத்தியிருந்தனர்.

நடைவெளியின் உள்முரண்பாடு கென்னிங்ரனில் மிகத் துலக்கமாகத் தெரிகின்றது. 1848 ஏப்பிரல் 10ஆம் திகதி சாசன இயக்கத்தினர் வாக்குரிமை கோரித் திரண்ட பொதுவெளி அது. ஆறு ஆண்டுகளுள், 1854இல், அவ்வெளி வேலியும் ஒழுங்குபடுத்திய பாதைகளும் கொண்ட பூங்காவாகிவிட்டது. கூட்டம் கூடிய நிலத்தில் இனி உலாவலாம், ஆனால் கூடலாகாது என்பதே இம்மாற்றத்தின் பொருள்.

ஆனால் வரலாறு அத்துடன் நின்றுவிடவில்லை. ஞாயிறு வணிகத்தைத் தடைசெய்யும் மசோதாவை எதிர்த்து 1855 யூன் 24ஆம் திகதி மக்கள் ஹைட் பூங்காவில் திரண்டனர். ஞாயிறன்று பொருள் வாங்கும் வாய்ப்பைத் தொழிலாளி இழக்கவேண்டும். செல்வந்தர் மட்டும் வண்டிகளில் பவனி வரலாம் என்ற நிலையை அவர்கள் எள்ளி நகையாடினர். அங்கு நேரிற் சென்றிருந்த மார்க்ஸ் அதனைப் பதிவுசெய்துள்ளார். இதுவும் ஓர் உலாக்காட்சியே. ஆனால் வீதியில் நின்றோர் தலைவனைக் கண்டு மயங்கவில்லை, கூச்சலிட்டு விரட்டினர். மசோதா மீளப்பெறப்பட்டது. 1866 யூலையில் சீர்திருத்தக் கழகத்தின் கூட்டத்தைத் தடுக்க வாயில்கள் மூடப்பட்டபோது அப்பூங்காவின் இரும்புவேலியே சாய்ந்தது.

இவ்வகை நடைவெளி குடியேற்ற நாடுகளுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. கொழும்பில் காலி முகத்திடல் நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் நிறைவேற்றிய தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அதனைத் தம் பின்வருவோருக்குப் பரிந்துரைப்பதாகக் கல்லிற் பொறித்தார். சீமாட்டிகள் என்ற சொல் சுமைகூலியின் மனைவியைச் சுட்டியிராது. அக்காலத்திலேயே தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தனர். பசியாலும் கொலறாவாலும் வழியில் மாண்டோர் பலர். ஒரே ஆட்சியின்கீழ் ஒரு வர்க்கத்தின் நடை உலாவாகவும் மற்றொன்றின் நடை மரணப்பயணமாகவும் அமைந்தன.

சுதந்திரத்தின் பின்னரும் அத்திடல் எல்லோருக்கும் பொதுவாகிவிடவில்லை. 1956 யூன் 5ஆம் திகதி, தனிச்சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்து அங்கு அறவழியில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் குண்டர்களால் தாக்கப்பட்டனர். இனவாதம் கோலோச்சும் சமூகத்தில் திறந்தவெளி தானாகவே சனநாயகவெளி ஆகிவிடாது என்பதற்கு இது சான்று. 2022 ஏப்பிரல் 9ஆம் திகதி முதல் அதே திடலில் மக்கள் கூடாரமிட்டுச் சனாதிபதியைப் பதவி விலகச் செய்தனர். அவ்வாண்டு மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கு நினைவுகூரப்பட்டனர். யூலை 22ஆம் திகதி அதிகாலையில் படையினர் புகுந்து போராட்டக்காரரை அகற்றினர். 1956ஐயும் 2022ஐயும் இணைத்து நோக்காதவர்கள் அத்திடலின் வரலாற்றில் பாதியையே அறிவர்.

தொகுத்து நோக்குமிடத்து, பொது நடைவெளி மேலிருந்து அருளப்பட்ட கொடையுமன்று. வெறும் கட்டுப்பாட்டுப் பொறியுமன்று. அது முரண்பட்ட நலன்கள் மோதும் களமாகும். பாதையை வகுப்போர் அதன் திசையை நிர்ணயிக்கின்றனர். நடப்போரோ அதன் பொருளை மாற்றுகின்றனர். ஆகவே, நகர்களை அழகுபடுத்துவதாகப் புதிய நடைபாதைகள் அமைக்கப்படும்போதெல்லாம், அங்கு முன்னர் வாழ்ந்தோர் எங்கு சென்றனர், அங்கு கூடுவதற்கு எவருக்கு உரிமையுண்டு என்ற இரு வினாக்களையும் எழுப்புதல் முற்போக்குச் சிந்தனையாளரின் கடமையாகும்.